கோஷ்டி சாப்பிடும் வீடு

எங்கள் ஊர்க் கோவில் திருநாளைப் பற்றி வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு மலர் அச்சடித்திருக்கிறார்கள். பளபளப்பான அட்டை, நடுவில் பழைய படங்கள். வயதான ஆண்கள் ஆறு பேர், தாங்கள் அந்த நாளில் பார்த்த பாட்டுக் கோஷ்டிகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷம் யார் வந்து பாடினார்கள், யார் கிற்றாரை முதுகுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள், எந்தப் பாட்டுக்குச் சனம் எழும்பி ஆடியது, எல்லாம் இருக்கிறது. வாசிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஓரிடத்தில் இப்படி ஒரு வரி: "அவ்வருடம் உபசரிப்பில் ஏற்பட்ட ஒரு சிறு குறைபாட்டினால் இசை நிகழ்ச்சி சற்றுச் சுணங்கியே ஆரம்பமானது."

அந்தச் சிறு குறைபாடு நான்தான்.

மலரை மூடி வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். திரும்பி வந்து அந்த வரியையே மறுபடி வாசித்தேன். என் பெயர் இல்லை. சரி, பெயர் வேண்டாம். ஆனால் இருபது வருஷமாக அந்தக் கோஷ்டிகளுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டதைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று தாள் தாளாகத் தேடினேன். "ஊரவர்களின் அன்பான விருந்தோம்பல்" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ஊரவர்களாம்! அந்த ஊரவர்கள் யாரென்று எனக்குத் தெரியாதா? நானும் என் தங்கச்சியும்.

நான் சபையில் வாய் திறந்தவள் இல்லை. செபமாலை சொல்லும்போதுகூட என் குரல் பக்கத்தில் முழந்தாளில் இருப்பவளுக்குக் கேட்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்வதில் பிழை இல்லை. கோஷ்டி பார்த்த கதையை அவர்கள் எழுதிவிட்டார்கள். கோஷ்டி சாப்பிட்ட கதையை நான் எழுதுகிறேன்.

தன்னாமுனைக்குக் கொஞ்சம் அங்கால், வாவிக்கரையில் எங்கள் ஊர். கோவிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலிதான். அது என்னுடைய சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பக்கத்து வளவு தங்கச்சிக்கு. நெல்லுக் குத்தும் மில்லில் என் வீட்டுக்காரர் கிளாக்கர். நல்ல மனுசன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். வந்த அடுத்த வருஷமே அவரைத் திருநாள் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கமிட்டியில் யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, எங்கட வீட்டில வச்சுக்குவம்" என்று சொல்லிவிட்டு வருவார். அப்படித்தான் என் வீடு கோஷ்டி சாப்பிடும் வீடானது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்க்காது, அது ஒரு காரணம். கோவில் பக்கத்தில் இருப்பது இன்னொரு காரணம். என்னைக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் பெரிய காரணம்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் வெஸ்பர் பூசை. பாதர் ஆசீர் கொடுத்து முடிந்ததும் கோவில் வளவில் பாட்டுக் கச்சேரி. கோஷ்டிக்கு முதலில் சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் மேடையில் ஏற்றுவார்கள், அது ஊர் முறை. அவர்கள் பாடத் தொடங்க, லைட் போட்டவர்களும் பந்தல் கட்டியவர்களும் சாப்பிட வருவார்கள். அவர்கள் எழும்ப, கமிட்டி ஆட்கள் இரண்டு பந்தி. நடுவில் கோஷ்டிக்கு இஞ்சித் தேத்தண்ணி அனுப்ப வேண்டும். அதற்குள் கோப்பைகளைக் கழுவ வேண்டும் (சோறு சாப்பிடும் தட்டைத்தான் நாங்கள் கோப்பை என்போம்), ஏனென்றால் அடுத்த பந்திக்கும் அதே கோப்பைதான். எல்லாம் முடிந்து நான் கை துடைக்கும்போது மைக்கில் நன்றியுரை போகும்.

அந்த நன்றியுரையை நான் குசினி அடுப்படியில் நின்று வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். லவுட்ஸ்பீக்கரை எங்கள் தென்னையில்தான் கட்டுவார்கள், ஒரு சொல் தப்பாது. சனம் இருக்க வாங்கு தந்தவருக்கு நன்றி. லொறி தந்தவருக்கு நன்றி. பெற்றோமக்ஸ் தந்தவருக்கு நன்றி, அதற்கு மெண்டில் கட்டியவருக்கும் நன்றி. கடைசியில், "தமது இல்லத்தில் கலைஞர்களுக்கு அறுசுவை உணவளித்த எமது செயலாளர் அவர்களுக்கும்" நன்றி. தமது இல்லமாம். அந்த மனுசன் அன்றைக்கு முழுக்க ஒரு தேங்காய்கூட உரித்துத் தந்திருக்கமாட்டார்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கலியாணம் முடித்த புதிதில், மறுநாள் நற்கருணை வாங்குவதென்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது. எல்லாருக்கும் போட்டு முடித்து நான் கோப்பையை எடுக்கும் நேரம் பன்னிரண்டு தாண்டிவிடும். சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுப்பேன். வெறும் வயிற்றோடு திருநாள் பூசைக்குப் போய் வந்து மத்தியானச் சமையலைத் தொடங்குவேன். அதை யாரும் கவனித்ததில்லை. கேட்டால், அது என் பக்தி என்று நினைத்ததாகச் சொல்வார்கள்.

ஆகையால் எனக்குக் கோஷ்டிகளை வயிற்றால்தான் தெரியும். மலரில் எழுதிய ஆறு பேருக்கும் தெரியாதவை எனக்குத் தெரியும். பாடுகிறவர்கள் தயிர் தொடமாட்டார்கள். எங்கள் பக்கத்து எருமைத் தயிரை ஆசையோடு பார்ப்பார்கள், ஆனால் தொடமாட்டார்கள். ஊதுகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். மேளம் அடிக்கிறவர்கள்தான் மறுசோறு கேட்பார்கள். ஆர்மோனியக்காரர்கள் எப்போதும் குறை சொல்வார்கள்.

முதல் வருஷம் டவுனில் இருந்து போர்த்துக்கீச வழிப் பறங்கியர் வந்தார்கள், வயலினும் மெண்டலினும் ஒரு மேளமும். அவர்களோடு வயலின்காரரின் மனைவி, பூப்போட்ட கவுண் போட்ட அம்மா ஒருவரும் வந்தார். கரண்டியால் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு எழும்பிப் போகையில் அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க வரல்லியா புள்ள?" என்று கேட்டார். "நீங்க போங்க, நான் வாறன்" என்றேன். வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தால் அவர் பாதருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கோப்பை கழுவினேன். அந்த வயலினின் முக்கால்வாசியைக் கோப்பைச் சத்தம் தின்றுவிட்டது.

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ ஓர் ஆர்மோனியக் கோஷ்டி வந்தது. பந்தல்காரர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு நிற்கையில் ஒரு பெண் குரல் பாடியது. ஐயோ, என்ன குரல்! சோற்றில் ஆணக் குழம்பை ஊற்றின கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெண் மேடையில் ஏறிப் பாடுகிறாள், அதுவும் எங்கள் ஊரில்! ஆனால் சாப்பிட வந்தவர்கள் பத்துப் பேரும் ஆண்கள்தானே, அந்தப் பிள்ளை சாப்பிடாமலே பாடுகிறாளே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. நல்ல நண்டாக இரண்டு எடுத்து, ஒரு கோப்பைச் சோற்றோடு மூடி வைத்தேன். கச்சேரி முடிந்து தங்கள் சாமான் எடுக்க வந்தவர்களிடம், கதவுக்குப் பின்னால் நின்று, "அந்தத் தங்கச்சி வரல்லியா? அவவுக்குச் சாப்பாடு வச்சிரிக்கன்" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மீசை வைத்த ஒரு பொடியன், மூன்று கோப்பை சாப்பிட்டவன் அவன்தான், முன்னுக்கு வந்து, "நான்தான் அக்கா அந்தத் தங்கச்சி. கொண்டாங்க" என்று அதே பெண் குரலில் சொன்னான். முற்றம் முழுக்கச் சிரிப்பு. நண்டையும் அவன்தான் தின்றான். அதற்குப் பிறகு பல வருஷம் என் வீட்டுக்காரர் அந்தக் கதையைக் கமிட்டியில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன் என்று வையுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். முன்னுக்கு இருந்த சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அது ஆம்பிளை என்று தெரியும். எனக்குத் தெரியாது. நான் புத்தி குறைந்தவளா? என்னைப் பார்க்க விடவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கொழும்பில் இருந்து பைலா பாடும் கோஷ்டி, சோறு வேண்டாம், பேக்கரிப் பாண் வேண்டும் என்றது. பிறகு ஒரு கோஷ்டி, இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு இறால் சட்டியை வழித்தது. ஒவ்வொரு வருஷமும் நான் என் வீட்டுக்காரரிடம், "இந்த முறை நானும் வந்து பாக்கட்டா?" என்று கேட்பேன். "வா, வா, ஆர் வேணாமெண்ட? எல்லாரும் சாப்பிட்டு முடிய வா" என்பார். ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

ஒரு தரம் களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே கோஷ்டி வருகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குள்ளே ஒரு சந்தோஷம். அடுத்தவர் வீட்டில் நான் விருந்தாளிதானே. நல்ல சேலை உடுத்து, முன்வரிசைக்குக் கிட்ட ஒரு கதிரையும் பிடித்துவிட்டேன். வயலினுக்குச் சுருதி கூட்டுகிறார்கள். அந்த வீட்டுக்காரி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, நல்லவேளை நீங்க வந்திரிக்கிங்க. உங்களுக்குக் கோஷ்டியாக்களுக்குச் சோறு போட்டுப் பழக்கந்தானே. ஒருக்கா உள்ளுக்கு வாங்ககா." போனேன். வெட்கம் கெட்டவளாகப் போனேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க நல்ல சேலையில் மஞ்சள் பட்டதுதான் மிச்சம்.

இப்போது அந்தக் குறைபாட்டு வருஷத்துக்கு வருகிறேன். எழுபதுகளில், சீனிக்கும் மாவுக்கும் செத்தல் மிளகாய்க்கும் கூட்டுறவுச் சங்கக் கடையில் வரிசையில் நின்ற காலம். சாமான் தட்டுப்பாட்டால் அந்த முறை மற்றப் பந்திகள் இல்லை, கோஷ்டி பதினாலு பேருக்கு மட்டும் சமைக்க வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். மிளகாய்க்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். "எப்பிடியும் நீ சமாளிச்சுருவாய்" என்றார். பாராட்டுகிறாராம். மூன்று வீட்டில் கடன் வாங்கித்தான் அன்றைக்கு நண்டுக்குக் காரம் சேர்ந்தது.

பின்னேரம் நாலு மணிபோல் டவுனில் இருந்து கோஷ்டி வந்து சாமான்களை இறக்கியது. மின்சாரக் கிற்றார், பெரிய பெரிய பெட்டிகள், ஒரு ஜெனரேட்டர். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். மெலிந்த பிள்ளை, சேலைக்கு முழங்கை வரை கை வைத்த சட்டை. பின்னால் அவள் தாய்.

"அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி தருவிங்களா? தொண்டை கட்டிட்டுது."

"நீங்களா பாடுற?"

"ஓம்."

"மெய்தானா?" என்று கேட்டுவிட்டேன். பழைய மீசைக்காரன் நினைவு.

அவள் சிரித்தாள். "ஏன்கா, நம்பல்லியா? இஞ்சயே பாடிக் காட்டவா?" என்று சொல்லி, அடுப்படியில் நின்றபடியே இரண்டு வரி பாடினாள். மெல்லத்தான் பாடினாள். தங்கச்சி அம்மியை நிறுத்திவிட்டாள். தாய் மட்டும், "தொண்டையை வீணாக்காத" என்றாள்.

சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் பிள்ளை, "நீங்க எந்தப் பக்கம் இரிப்பிங்க அக்கா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "பாட்டுக்கு வருவிங்கதானே? முன்னுக்கு இரிங்க. இதுதான் நான் வெளியூர்ல பாடுற முதல் தரம். சனத்தைக் கண்டா எனக்குக் கால் நடுங்கும். தெரிஞ்ச முகம் ஒண்டு முன்னுக்கு இருந்தா அதப் பாத்துப் பாடிருவன். அம்மா பாத்தா முறைப்பா."

"ஓம், இரிப்பன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. சனத்தைக் கண்டால் கால் நடுங்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளை மேடையில் நின்று என் முகத்தைத் தேடும்போது நான் குசினியில் ஆணம் ஊற்றிக்கொண்டு நின்றால் அது எவ்வளவு பெரிய துரோகம்.

நானும் தங்கச்சியும் பறந்து பறந்து வேலை செய்தோம். வெஸ்பருக்கு மணி அடிக்கும் முன் எல்லாம் முடிந்தது. மேசையில் வெளுத்த துணி விரித்து, சோற்றுப் பானை, நண்டுக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மூடினேன். ஒவ்வொரு சட்டிக்கும் ஓர் அகப்பை. கோப்பைகள் அடுக்கி, தண்ணீர்க் கூசாவும் குவளைகளும் வைத்து, கை கழுவ வாசலில் வாளியும் சவர்க்காரமும் வைத்தேன். பிறகு என் வீட்டுக்காரரிடம் போய்த் தெளிவாகச் சொன்னேன். "எல்லாம் மேசையில இருக்கு. நான் பாட்டுக்குப் போறன்." அவர் கோவில் வாசலில் கடதாசிக் கொடி கட்டிக்கொண்டு நின்றார். "ஓம் ஓம்" என்றார், கொடியைப் பார்த்தபடியே.

வெஸ்பர் முடிந்தது. பெண்கள் பக்கத்தில் முன்பாயில், கயிறு கட்டிய இடத்துக்குக் கிட்ட, நானும் தங்கச்சியும் இருந்தோம். இருபது வருஷத்தில் முதல் தரம் அந்த மேடையை முன்பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இவ்வளவு சின்ன மேடையா என்று இருந்தது. ஓரத்தில் அந்தப் பிள்ளை தாயோடு கதிரையில் இருந்தாள், அவர்கள் பின்னேரமே பாண் சாப்பிட்டுவிட்டார்கள். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினாள்.

ஜெனரேட்டர் ஓடவில்லை. அதை இயக்குகிறவன் கயிற்றை இழுக்கிறான், அது இருமிவிட்டு நிற்கிறது. மறுகா இழுக்கிறான், மறுகா இருமுகிறது. இதை நன்றாகக் கவனியுங்கள், மலரில் இது இல்லை. மைக்குக்கு மட்டும் கார் பற்றறி கொடுத்து மூப்பர் பேசிக்கொண்டிருந்தார். கோவில் காரியங்களுக்குத் தலைவர் அவர். ஒரு குழந்தை தாயைத் தேடி அழுகிறது, வந்து கூட்டிக்கொண்டு போகவும் என்றார். ஒரு கறுப்பு மாடு கயிறு அறுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் நிற்கிறது, உரியவர் வந்து பிடிக்கவும் என்றார். அதற்கு அடுத்தது நான்.

"எமது செயலாளரின் மனைவி எங்கிருந்தாலும் உடனடியாகத் தமது வீட்டுக்குச் செல்லவும். கலைஞர்கள் உணவுக்காகக் காத்திருக்கிறார்கள்."

பெண்கள் ஒருவருக்கொருவர் ஏதோ சொல்கிறார்கள். தங்கச்சி என் தொடையில் கிள்ளினாள்.

"எழும்பு அக்கா. மானம் போகுது."

"சாப்பாடு மேசையிலதானேடி இருக்கு."

"அது அவங்களுக்குத் தெரியுமா? எழும்புகா!"

மூப்பர் இரண்டாம் தரமும் சொன்னார். இந்த முறை கொஞ்சம் அழுத்தி. "எங்கிருந்தாலும்" என்றார். மாட்டுக்குக்கூட ஒரு தரம்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் வீராப்பில் இருக்கவில்லை. எழும்பினால் அந்தப் பெண் நான்தான் என்று அவ்வளவு சனமும் பார்க்கும். அந்த வெட்கத்தில்தான் முதலில் எழும்பவில்லை. பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கதிரையின் நுனிக்கு வந்து, நான் எழும்பப் போகிறேனா என்று கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வெட்கம் போய்க் கோபம் வந்தது. சமைத்து, மூடி, அகப்பையும் வைத்துவிட்டு வந்தவளை மாட்டுக்குப் பின்னால் சேர்த்துக் கூப்பிடுகிறார்களே என்ற கோபம். பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பெண்கள் பக்கம் ஆண்கள் வருவதில்லை, குனிந்து மெல்லக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருகா. மைக்கில சொல்றது கேக்கல்லியா?"

"கேட்டது."

"அப்ப வா. பதினாலு பேர் மேசையச் சுத்தி நிக்காங்க."

"சாப்பாடும் மேசையிலதான் இருக்கு."

"ஆர் போட்டுக் குடுக்கிற?"

"கை இரிக்கிற ஆக்கள்" என்றேன்.

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் போனது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை மறுநாள் தங்கச்சியின் மகள் சொல்லித்தான் அறிந்தேன், அவள் கிணற்றடியில் நின்றிருக்கிறாள். கமிட்டி ஆட்கள் வாசலில் நின்று கையைப் பிசைந்தார்களாம். ஒருவர், அடுத்த வீட்டில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போனாராம். கோஷ்டித் தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், சோறு முன்னுக்கு இருக்கு, நாம பாத்துக்கொண்டு நிக்கம்" என்று மூடியைத் திறந்தாராம். அவர் சோறு போட, மேளக்காரன் நண்டு போட, கிற்றார்க்காரன் சொதிச் சட்டியோடு சுற்றி வந்தானாம். பகிடியும் சிரிப்புமாகச் சாப்பிட்டார்களாம். சாப்பிட்டதும் கிணற்றடிக்குப் போய் ஆளுக்கு ஆள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்களாம். "விருந்தாளியள், வையுங்க, வையுங்க" என்று கமிட்டி பின்னால் ஓடியதாம். வாயால் ஓடியது, கையால் ஒருவரும் ஒரு கோப்பையை வாங்கவில்லை.

அவர்கள் வாய் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தபோதும் ஜெனரேட்டர்காரன் கயிற்றை இழுத்துக்கொண்டுதான் நின்றான். இதை ஊர் முழுக்கப் பார்த்தது. பிறகு எப்படி ஐயா சுணங்கியது என்னால்?

ஒருவழியாக லைட் வந்தது. இரண்டு பாட்டு ஆண்கள் பாடினார்கள். மூன்றாவதாக அந்தப் பிள்ளை மைக்குக்கு முன் வந்தாள். நான் இவ்வளவு காலமும் பாட்டு வாயில் இருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். அவளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சேலைக்குள் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. இடது கையால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். முதல் வரி தளம்பியது. ஆண்கள் பக்கம் ஒருவன் விசில் அடித்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது? அடுப்படியில் எப்படி நின்று கேட்டேனோ அப்படியே பார்த்தேன். இரண்டாவது வரியில் குரல் நிமிர்ந்தது. பிறகு யார் விசில் அடித்தால் என்ன, அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பாட்டு முடியும் வரைக்கும் என்னைத்தான் பார்த்தாள். முழுப் பாட்டு. தொடக்கத்தில் இருந்து முடிவு வரை, கோப்பைச் சத்தம் இல்லாமல் நான் கேட்ட முதல் பாட்டு அது. அவள் நாலு பாட்டுப் பாடினாள். நாலையும் கேட்டேன். இடையில் இஞ்சித் தேத்தண்ணி போகவில்லை. அதனால் யாரும் செத்துப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் மேசைக்கு முன் கதிரையில் இருந்தார். பிறத்தியார் பதினாலு பேர் அந்த மேசையில் தாங்களே போட்டுச் சாப்பிட்டு, கோப்பையும் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் சாப்பிடவில்லை. சோறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வெறும் கோப்பையும் முன்னால் இருக்கிறது, இவர் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்.

"விருந்தாளியள் கோப்பை கழுவினாங்க" என்றார். யாரோ செத்த செய்தி சொல்கிற மாதிரி.

"எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டேன்.

"என்ன?"

"சாப்பிட்டு, கழுவி முடிய."

யோசித்தார். "ஒரு கால் மணித்தியாலம் இரிக்கும்."

கால் மணித்தியாலம்! நான் அவருக்கு முன்னால் நின்றபடியே அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இருபது திருநாள். வயலின், பைலா, அந்த மீசைக்காரப் பொடியன், எல்லாம் போனது ஒரு கால் மணித்தியால வேலைக்காக. அவர்களுக்கும் கை இருந்தது, இவர்களுக்கும் கை இருந்தது, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் ஒருநாளும் அவர்களை விட்டுப் பார்க்கவில்லை.

ஒரு கோப்பையை எடுத்தேன். எனக்குச் சோறு போட்டேன். இருந்து சாப்பிட்டேன். அவருக்கு முன்னால் அவருக்குப் போடாமல் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தேன். அப்போது அவர் தன் கோப்பையை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் நண்டு இருக்கவில்லை. கோஷ்டி மிச்சம் வைத்தது ஒரே ஒரு துண்டு, அதை நான் சாப்பிட்டிருந்தேன்.